மைக் செட் இல்லாத காதுகுத்து

1

எங்கள் வார்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, யாரையாவது எங்கேயாவது அனுப்பாமல் இருக்கச் சொல்லித்தான் வரும்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மனநோயோடு வருபவர்களும் குடியை விட முடியாமல் வருபவர்களும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருப்பார்கள். என் அம்மா இதை ஊரில் யாரிடமும் சொல்வதில்லை. சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை எங்கள் ஊர், அங்கே போய்க் கேட்டால், நான் லண்டனில் பெரியாஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்வார்கள். அயர்லாந்தை லண்டனாக்கியதைக்கூட மன்னித்துவிடலாம், பூகோளம் எல்லோருக்கும் வராது. வார்டை மறைப்பதுதான் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

போன சித்திரையில் ஒரு பெண்மணி அழைத்தார். எங்களிடம் இருக்கும் ஒருவருடைய அக்கா. அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது, டெக்லான் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டியவர், பழைய தச்சர், குடியால் வீடும் வேலையும் போனவர். எங்களிடம் வந்த பிறகு தொடவில்லை. அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"அவன் வர வேண்டாம் என்று எங்கள் வாயால் சொல்ல மனசு வரவில்லை. டாக்டர் அனுமதிக்கவில்லை என்று நீங்கள் சொல்லிவிடுங்களேன். நர்ஸ் சொன்னால் கேட்பான்" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவனுக்கும் அதுதான் நல்லது. அந்தக் கூட்டத்தில் அவனுக்கு எதற்குச் சிரமம்?" என்றார்.

எனக்குப் போனைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் இதே வார்த்தையைக் குமாரபாளையத்திலிருந்து என் மாமியார் சொல்லிக் கேட்டிருந்தேன். அவர் தமிழில் சொன்னார், இவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். இருவரும் என்னை ஒரே வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள்.

2

எங்கள் டீ ரூமில் அன்றைக்கு இதுதான் பேச்சு. வார்டில் பேச முடியாததையெல்லாம் அங்கேதான் கொட்டுவோம்.

"பொய் சொல்ல நாம் எதற்கு?" என்று நான் குதித்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், செந்தில் இதைச் சொல்லாத நாளில்லை. செந்தில் என் கணவர். "டெக்லான் தானாக வந்து சேர்ந்தவர். போகாதே என்று சொல்ல டாக்டருக்கே உரிமை கிடையாது. சொந்த அக்காவே இப்படி ஒதுக்கினால், ஊர்க்காரர்களை என்ன சொல்வது?"

ஊனா எங்கள் வார்டின் மூத்த நர்ஸ், இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் டீயைக் கலக்கியபடி, "அந்த அக்காவை எனக்குத் தெரியும்" என்றார். "அவர் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணை கொடுத்த அன்று டெக்லான் குடித்துவிட்டு வாசற்படியில் விழுந்து கிடந்தார். வெள்ளை உடுப்போடு அந்தக் குழந்தை இவரைத் தாண்டித்தான் உள்ளே போனது. இன்றைக்கு அதே குழந்தைக்குக் கல்யாணம். அம்மா பயப்படாமல் என்ன செய்வாள்?"

கோட்டயத்துக்காரி ஷீபா வேறு பக்கம் போனாள். "குடும்பத்தை விடு. போன மாதம் டெக்லானுக்கு நெஞ்சு வலி என்று பொது மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோமே. அங்கே நம்மைப் போன்ற நர்ஸ் ஒருத்தி, அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்ததும் என்ன செய்தாள்? அவரைப் பார்க்கவே இல்லை. எங்கே வலிக்கிறது என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கா வலித்தது?"

நாங்கள் சிரித்தோம். அது எங்கள் எல்லோருக்கும் பழகிய விஷயம். எங்கள் ஆட்களோடு கடைக்குப் போனால் சர்க்கரை வேண்டுமா என்று கடைக்காரர் எங்களிடம்தான் கேட்பார். முடிவெட்டப் போனால் ஒட்ட வெட்டலாமா என்று எங்களிடம்தான் கேட்பார்கள். யாரும் திட்டுவதில்லை, கல்லெடுத்து எறிவதில்லை. எல்லோரும் இதமாகத்தான் பேசுகிறார்கள். அந்த ஆளின் தலைக்கு மேலே பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒதுக்குவது என்றால் கதவை அடைப்பது என்று நர்ஸிங் படிக்கும்போது நினைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் போர்வையைப் போர்த்தி ஓரமாக உட்கார வைப்பதுதான். போர்வையும் கதகதப்பாகத்தான் இருக்கும். அதனால் யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியாது.

3

என் தம்பி முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முருகு.

டிப்ளமோ முடித்து மேட்டூரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். சேர்ந்த வருடமே, அறையில் கூட இருப்பவர்கள் தன்னைப் பற்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அறையே கிடையாது, வெறும் காடு. அப்பா போய்க் கூட்டி வந்தார். மந்திரிப்பவர்களிடம் காட்டிய பிறகுதான் சேலத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை கேட்டது. இன்றைக்கு அவன் எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் தறிக்கூடத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். அப்பா காலமான பிறகு தறிக்கூடமே அவன் பொறுப்புதான். பட்டுச் சேலைக்கு ஜரிகை இழை அறுந்தால் அவனே முடிச்சுப் போடுகிறான். மாத்திரையால் கை லேசாக நடுங்கும், பேச்சு மெதுவாக வரும். மற்றபடி வேலை வேலை என்று இருப்பான்.

ஆனால் விசேஷம் என்று வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. "அவனுக்குக் கூட்டம் ஆகாது."

சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பாதியில் எழுந்து, செருப்புகூடப் போடாமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து ஆரம்பித்த பேச்சு அது. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் அம்மா அவனுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பும்போது பந்தியில் வைத்த லட்டை மறக்காமல் மடித்து எடுத்து வருவார்கள். என் கல்யாணத்துக்கும் அவனுக்கு லட்டுதான் வந்தது. அம்மாவுக்கு அவன் மேல் உயிர். அதனால்தான் இது இத்தனை வருடம் ஓடியது.

என் மகள் நிலா இங்கே பிறந்தவள். ஐந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். செந்தில் விடாமல் தமிழில் பேசுவார், அவள் விடாமல் ஆங்கிலத்தில் பேசுவாள். ஒரே வீட்டில் இரண்டு வானொலி ஓடுகிற மாதிரி இருக்கும். பாட்டிகள் இருவரும் போனில் கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். முருகுவிடம் மட்டும் தமிழ் பேசுவாள்.

காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. மற்றவர்கள் அவள் ஒரு சொல்லைத் தேடி முடிப்பதற்குள் இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். முருகு கேட்பதே மெதுவாகத்தான். அவள் பதிலைத் தேடுகிற வரைக்கும் அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"மாமா... தறி... சாப்பிட்டுதா?"

"தறி... நூல் சாப்புடுது சாமி. பாக்கறயா?"

போனைத் தறிப் பக்கம் திருப்புவான். தடக் தடக் என்று எங்கள் சமையலறை முழுக்க இளம்பிள்ளை இரைச்சல். நிலா மேசை மேல் தாளம் போடுவாள். அரைமணி நேரத்தில் இருவரும் பேசுவது மொத்தம் பத்து வாக்கியம் தேறாது. ஆனால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பார். இந்தக் காலத்தில் இப்படி யார் பேசிக்கொள்கிறார்கள்?

4

நிலாவுக்குக் காது குத்தவில்லை. கைக்குழந்தையில் கொரோனாவால் விமானமே ஓடவில்லை, மூன்று வயதில் எங்கள் அட்டை வரவில்லை. இந்த நாட்டில் நாங்கள் இருக்கலாமா என்று கேட்டுக் கேட்டு ஓர் அட்டை வாங்க வேண்டும். அது தபாலில் வரும் வரைக்கும் ஊருக்குப் போகப் பயம், போனால் திரும்ப விடுவார்களோ என்று. நான்கு ஆகாது, ஒற்றைப்படைதான் வேண்டும் என்றார்கள். ஆக ஐந்து. பள்ளிக்கூட விடுமுறையில் போகலாம் என்றால் பாதி விடுமுறை ஆடி. ஆடி போய் ஆவணி பிறப்பதற்கும் இங்கே பள்ளி திறப்பதற்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து இருந்தது. அந்தச் சந்தில் ஒரு முகூர்த்தமும் இருந்தது. லீவு கேட்டு வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பிள்ளைக்குக் காது குத்த இந்தியா வரை எதற்கு என்று மேலாளருக்குப் புரியவே இல்லை. கடைத்தெருவில் ஒரு நிமிடத்தில் குத்துகிறார்களே என்றார். நிலாவும் அவர் கட்சி. கடையில் குத்தினால் பூனைக்குட்டி போட்ட தோடு தருவார்களாம்.

தாய்மாமன் மடி கடையில் கிடைக்காது என்று இருவரிடமும் சொன்னேன்.

நிலாவுக்குத் தாய்மாமன் ஒருவன்தான். ஆனால் தேதி குறித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் போனில் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, ஒன்னு சொன்னா தப்பா நெனச்சுக்காத. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல உன்ற பெரீப்பா மகன் ரவி இருக்கறானல்ல, அவன் மடியில உக்கார வெச்சுக்கலாம். அவனும் மாமன் மொறைதான?"

"முருகு இருக்கறப்ப ரவியண்ணன் எதுக்குங்கத்தை?"

"உன்ற தம்பிக்குக் கை நடுங்குது. அந்தக் கூட்டத்துல அவனுக்கு எதுக்கு செரமம்? நடுவால எந்திரிச்சுப் போயிட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அது அவனுக்குத்தான கேவலம்? உங்கம்மாளும் அதயேதான் சொல்றாங்க. நீ நர்ஸு, டாக்டர் வேண்டாங்கறாருன்னு நீ சொன்னா அவன் கேட்டுக்குவான்."

மாமியார் கெட்டவரில்லை. எனக்குப் பிரசவம் ஆனபோது இந்தக் குளிரில் வந்து மாதக்கணக்கில் இருந்து, ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே என்னைத் தேற்றியவர். குடும்பத்தில் யாரும் யாரையும் பேசிவிடக் கூடாது என்று பயப்படுபவர். ஆனால் அன்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "யோசிச்சுச் சொல்றேனுங்கத்தை" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

முருகு நிலா பிறந்ததிலிருந்து அந்த நாளுக்குக் காத்திருந்தான். அவன் என்னிடம் அதைச் சொன்னதில்லை. பாவாடைக்குப் பச்சையா சிவப்பா என்று மட்டும் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருந்தான்.

5

டெக்லானின் அக்காவிடம் ஊனாதான் பிறகு பேசினார். பொய் சொல்ல மாட்டோம், ஆனால் அவரிடமே கேட்கிறோம் என்றார். எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும், முதலில் அந்த ஆளிடம் கேட்க வேண்டும். அவர் சொன்னதை நம் வார்த்தையில் மாற்றாமல் அப்படியே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கேட்கும் முறை எனக்கு வந்தது.

டெக்லான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போக ஆசையா என்றேன். ஆசை என்றார். என்ன கஷ்டமாக இருக்கும் என்றேன். அவர் நெடுநேரம் தன் கையைப் பார்த்தார்.

"கூட்டமில்லை. பாட்டில்கூட இல்லை. எல்லோரும் எழுந்து மணமக்களுக்காகக் கோப்பையை உயர்த்துவார்கள் பார், அந்த நேரம்தான். யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். என் கையைப் பார்ப்பார்கள்."

தேவாலயத்துக்கு மட்டும் போய்விட்டு, விருந்துக்கு முன்னால் திரும்பினால் போதும் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அக்கா அதைக் கேட்டுப் போனிலேயே அழுதார். ஊனா கூடப் போனார். மணப்பெண் வாசற்படியில் நின்று டெக்லானின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாளாம். திரும்பி வரும்போது எங்களுக்காகக் கல்யாணக் கேக் ஒரு துண்டு மடித்துக் கொண்டுவந்தார். இந்த ஊர் கேக்கில் விஸ்கி ஊற்றுவார்கள். ஊனா அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு டீ ரூமுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு எங்கள் வீட்டு லட்டு ஞாபகம் வந்தது. டெக்லான் விசேஷத்துக்குப் போய் நமக்குக் கொண்டுவந்தார் என்று ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றாள்.

டெக்லானிடம் பேசிய அன்று மாலையே முருகுவைக் கூப்பிட்டேன்.

"முருகு, நிலாவுக்கு உன்ற மடியிலதான் காது குத்தோணும். உனக்குக் கூட்டம் ஆகுமா?"

"ஆகாதுன்னு அம்மா சொல்லுச்சே."

"அம்மா சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு. என்ன ஆகாது?"

தறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வந்தான். நிலா மாதிரி நானும் காத்திருந்தேன். அது எனக்கு லேசில்லை.

"கூட்டம் ஒன்னும் பண்ணாதுக்கா. மைக் செட்டுதான் ஆகாது."

"மைக் செட்டா?"

"மைக்ல பேசறப்ப நடுவால என்ற பேரையும் யாரோ சொல்ற மாதிரி கேக்கும். அது இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும், இல்ல இல்லைன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கோணும். சித்தப்பா ஊட்டுக் கல்யாணத்துல நெசமாவே என்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க. சீர் வைக்க வரச் சொல்லி. அப்ப எது நெசம் எது பொய்யின்னு எனக்குப் புடிபடல. அதான் வந்துட்டேன்."

"இதை நீ சொல்லவே இல்லையே?"

"ஆரும் கேக்கலியே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரிதான் சொன்னான்.

"தறி இந்தச் சத்தம் போடுதே, அது?"

"தறி ஆரு பேரையும் சொல்லாதுக்கா."

6

ஆடிக் கடைசியில் குமாரபாளையம் போய் இறங்கினோம். மைக் செட் வேண்டாம் என்று மாமியாரிடம் சொன்னதும், முகூர்த்தத்தையே மாற்றச் சொன்ன மாதிரி பார்த்தார்.

"மைக் செட்டு இல்லாம விசேசமா? ஏன் அம்மிணி, கருமாதிக்கே கட்டறாங்க!"

"இந்தக் காதுகுத்துக்கு இல்லைங்கத்தை. முருகு உட்காரோணும்னா அது வேண்டாம்."

செந்தில் என் பக்கம் நின்றார். "அம்மா, மொய் வெச்சவங்க பேரை நீயே சத்தமாச் சொல்லு, உன்ற தொண்டை போதும்" என்றார். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதம் வரவில்லை.

மறுநாள் முருகு பாவாடைத் துணியோடு பஸ் ஏறி வந்தான். பச்சைதான். நிலா அவனை முதன்முதலாக நேரில் பார்க்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நான் கேமராவைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவனும் வாசலிலேயே நின்றான். இரண்டு பேரும் அவரவர் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவள் மேசையில் தட்டும் அதே தாளத்தைக் கதவில் தட்டினாள். அவன் தடக் தடக் என்றான். அதற்குப் பிறகு அவன் விரலை அவள் விடவில்லை.

மாமியார் காப்பியோடு வந்தார். முருகு முன்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "ஏம்மிணி, மாத்தரை சாப்பிடறானே, காப்பி குடிப்பானா?" என்றார்.

ஷீபா சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கா வலித்தது?

"அவனையே கேளுங்கத்தை" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்துவிட்டது.

மாமியார் திரும்பினார். அவர் முருகுவின் கண்ணைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். "காப்பி குடிப்பயா சாமி?"

"குடிப்பனுங்க. சக்கரை மட்டும் கம்மியா."

"எனக்கும் அப்படித்தான். சக்கரை வியாதி" என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பாவாடைத் துணியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அவர் பிறந்த வீடும் தறி வீடுதான். எந்த ஜரிகை, எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். முருகு மெதுவாகப் பதில் சொன்னான். மாமியார் நடுவில் புகுந்து முடிக்கப் பார்த்தார், நிலா சட்டென்று, "அப்பத்தா, wait! மாமா பேசுது" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மாமியார் காத்திருந்தார்.

அன்று சாயங்காலம் மைக் செட்டுக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் செந்தில் வந்து சொன்னார். சொன்னது மாமியார்.

7

குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே, வேப்பமரங்களுக்கு நடுவில். ஒரு பக்கம் நாங்கள் பொங்கல் வைத்தோம். மறு பக்கம் யாரோ கெடா வெட்டி விருந்து வைத்திருந்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. ரவியண்ணன் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து காரில் வந்து, "முருகு, நீ உக்காரு, நான் போட்டோ புடிக்கறேன்" என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார். அம்மா மட்டும் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தார்கள். அவர்கள் கையில் முருகுவின் செருப்பு இருந்தது. மறுபடி செருப்பில்லாமல் நடந்துவிடுவானோ என்று எடுத்து வைத்திருந்தார்களாம்.

முருகு புது வேட்டியில் மணையில் உட்கார்ந்தான். நிலா பச்சைப் பாவாடையில் அவன் மடியில். மொட்டைத் தலையில் சந்தனம். காது குத்தும் பத்தர் கம்பியைத் துடைத்தார். "புள்ளை தலைய அசையாமப் புடிச்சுக்குங்க" என்றார். முருகு இரண்டு கையையும் கோத்து அவளைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கோத்துக்கொண்டால் நடுங்காது என்று எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தான்.

அப்போதுதான் பக்கத்து விருந்தில் வேப்பமரத்தின் மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்தது. முதலில் பாட்டு. பிறகு பாட்டை நிறுத்தி ஒருவர் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். சீர் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு வரவும், மாமன் மச்சான்கள் வரவும்.

முருகுவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உதடு அசைந்தது. இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். கோத்த கை பிரிந்துவிட்டது. நிலாவைப் பூ மாதிரி தூக்கி என்னிடம் நீட்டினான்.

"அக்கா, ரவியண்ணனை உக்காரச் சொல்லு. நான் ஊட்டுக்குப் போறேன்."

அம்மா செருப்போடு ஓடி வந்தார்கள். கூட்டம் கசகசத்தது. எனக்குக் கையில் குழந்தை.

மாமியார் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். மைக் வைத்திருந்தவரிடம் அவர் பேசியது இந்தப் பக்கம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்தத் தொண்டை அப்படி.

"ஏனுங்க, அதைச் செத்த நேரம் நிறுத்துங்க."

"ஏனுங்கம்மா? எங்க விசேசம் நடக்குதுல்ல?"

"எங்க பேத்திக்குக் காது குத்தறமுங்க. தாய்மாமனுக்கு இந்தச் சத்தம் ஆகாதுங்க. மனசுக்கு வைத்தியம் பாத்துட்டிருக்கறான். நல்லாத்தான் இருக்கறான், மைக்கு மட்டும் ஆகாது. எங்கூட்டுப் பையனுங்க. அவன் மடியிலதான் குத்தோணும்."

கோயிலுக்கே கேட்டது. எங்கள் வீட்டில் இத்தனை வருடம் மூடி மூடி வைத்ததை, நாலு பேர் பேசுவார்கள் என்று பயந்த அதே மனுஷி, நாலு பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதைவிட என்னைத் தொட்டது 'எங்கூட்டுப் பையன்' என்ற அந்த ஒரு வார்த்தை. அதுவரை அவர் வாயில் அவன் 'உன்ற தம்பி'தான்.

"அதுக்கென்னுங்கம்மா, சொல்லியிருந்தா நாங்களே நிறுத்தியிருப்பமே" என்றார் மைக் வைத்திருந்தவர். குழாய் கரகரத்து அடங்கியது. வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது.

மாமியார் திரும்பி வந்து முருகுவுக்கு முன்னால் நின்றார். "நிறுத்திட்டாங்க. இனி ஆரும் பேசமாட்டாங்க. உன்னால முடியுமா சாமி? முடியலீன்னாலும் ஒன்னுமில்ல. நீ சொல்லு" என்றார். சொல்லிவிட்டு நிஜமாகவே காத்திருந்தார்.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். பத்தர், ரவியண்ணன், அம்மா, பக்கத்து விருந்துக்காரர்கள்கூட.

நிலா என் இடுப்பிலிருந்து எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். "மாமா... பயமா?"

"கொஞ்சம்... பயந்தான் சாமி."

"நானும்."

அவன் மணையில் உட்கார்ந்தான். அவளை வாங்கிக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்தான். பத்தர் இரண்டு பக்கமும் சட்சட்டென்று குத்தி முடித்தார். ஒரு நொடி நிலா வாயைத் திறந்தபடி சத்தமே இல்லாமல் இருந்தாள். பிறகு அழுதாள் பாருங்கள், அந்தக் குழாய் ஸ்பீக்கரெல்லாம் எந்த மூலைக்கு! அவன் காதுக்கு நேராக, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, "மாமா, மாமா" என்று வீரிட்டாள்.

நான் பதறிப்போய்க் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். இவ்வளவு சத்தம் அவனுக்கு ஆகுமோ என்றுதான்.

முருகு அவளைத் தரவில்லை. அவள் முதுகைத் தட்டியபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் கண்ணிலும் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"பரவால்லக்கா, இருக்கட்டும்" என்றான். "இது ஆரு கூப்புடறதுன்னு எனக்குத் தெரியுது."